'பீரியட்ஸ் ரெகுலரா வருதே... அப்புறம் என்ன பிரச்னை?' - ஆம்பூர் பெண்களுக்கு கருமுட்டையின் வயது சொல்லும் கணக்கு!

காலை ஏழு மணிக்கு ஆம்பூரில் எந்தச் சாலையில் நின்றாலும் ஷூ கம்பெனி பஸ்களும் வேன்களும் வரிசைகட்டிப் போகும். பேரணாம்பட்டு, மாதனூர், குடியாத்தம், வாணியம்பாடி, ஆலங்காயம் என்று சுற்றுவட்டாரமெங்கும் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற அந்த வண்டிகளில் பெரும்பாலான ஸீட்களில் இருப்பது பெண்கள்தான். கழுத்தில் ஐ.டி. கார்டு, மடியில் டிபன் பை. பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்த பொண்ணு, பத்து வருஷம் கழித்தும் அதே மெஷினில்தான் இருப்பாள். நடுவில் வீட்டுக்கு கான்கிரீட் போட்டிருப்பாள், தம்பியைப் படிக்க வைத்திருப்பாள், தங்கச்சிக்குக் கல்யாணம் முடித்திருப்பாள். தன் கல்யாணத்துக்கான நகையையும் அவளே சீட்டுக் கட்டிச் சேர்த்திருப்பாள்.

இதெல்லாம் முடிந்து அவளுக்குக் கல்யாணம் ஆகும்போது வயது 28, 30 என்று ஆகிவிடுகிறது. கல்யாணக் கடன் அடையட்டும், ஒரு ரெண்டு வருஷம் போகட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிறார்கள். அந்த ரெண்டு வருஷம் நாலு வருஷமாகும்போதுதான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிறது. "நல்லாத்தானே இருக்கா, மாசா மாசம் ஒழுங்காத்தானே வருது, அப்புறம் ஏன் தங்க மாட்டேங்குது?"

சம்பாதிக்கும் பெண் தாமதமாகக் கல்யாணம் செய்துகொள்வதில் ஒரு தப்பும் இல்லை. பதினாறு வயதில் கட்டிக்கொடுத்து, பதினேழில் பிரசவத்துக்கு அனுப்பிய காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால், அவளுக்கு யாரும் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. கல்யாணத்தின்போது எந்தப் பெரியவரும் அதைப் பேசுவதில்லை. கருத்தரிப்பு மையத்தில் கையில் ரிப்போர்ட்டோடு உட்காரும்போதுதான் முதல்முறையாகக் காதில் விழுகிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பிறக்கும் முன்பே தொடங்கிவிடும் கழித்தல்

ஆணின் உடலில் விந்தணுக்கள் தினமும் புதிது புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். பெண்ணின் கருமுட்டைகள் அப்படி இல்லை. வாழ்நாள் முழுமைக்குமான முட்டைகள், அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. இன்னும் சரியாகச் சொன்னால், நீங்கள் உருவான கருமுட்டை உங்கள் அம்மாவுக்குள் உருவானபோது, அம்மாவே உங்கள் பாட்டியின் வயிற்றில்தான் இருந்தார்!

ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது ஒரு பெண் சிசுவின் சினைப்பைகளில் சுமார் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். அதுதான் உச்சம். அதன் பிறகு கழித்தல் மட்டும்தான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். வயதுக்கு வரும்போது ஏறக்குறைய 3 முதல் 4 லட்சம். 37, 38 வயதில் சுமார் 25,000. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஆயிரமோ அதற்கும் குறைவோ.

'மாசத்துக்கு ஒரு முட்டைதானே வெளியே வருது, அப்புறம் எப்படி இவ்வளவு தீர்ந்துபோகும்?' என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் சேர்ந்து வளரத் தொடங்குகின்றன. அதில் ஒன்று மட்டும் முழுதாக வளர்ந்து வெளியே வரும். மற்றவை தானாகவே சுருங்கி அழிந்துவிடும். வளரத் தொடங்காமலேயே அழிகிறவையும் உண்டு. மொத்த வாழ்நாளில் வெளியே வருவது 400 முதல் 500 முட்டைகள்தான். கர்ப்பமாக இருக்கும்போதோ, கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதோ இந்த இழப்பு நின்றுவிடும், முட்டை 'சேமிப்பு' ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. கழித்தல் அதுபாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருக்கும்.

எண்ணிக்கை குறைவது ஒரு பக்கம். அதைவிட முக்கியமான விஷயம், மிச்சம் இருக்கிற முட்டைகளின் தரம்.

பெட்டியில் வைத்த ஷூவின் கதை

ஆம்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப சுலபம். நல்ல கம்பெனி ஷூ ஒன்றை வாங்கி, காலில் போடாமலேயே பெட்டியில் வைத்துவிடுங்கள். பல வருஷம் கழித்து எடுத்துப் போட்டால் என்ன ஆகும்? மேலே தோல் பளபளவென்று இருக்கும். நாலு அடி நடந்ததும் சோல் பிரிந்து வந்துவிடும். ஷூவை யாரும் போட்டுத் தேய்க்கவில்லை, உள்ளே இருந்த பசைக்கு வயதாகிவிட்டது.

கருமுட்டைக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். நம் செல்களில் குரோமோசோம்கள் 23 ஜோடிகளாக இருக்கின்றன. முட்டை உருவாகும்போதே இந்த ஜோடிகள் கோஹீசின் என்ற புரதத்தால் ஒன்றோடொன்று ஒட்டவைக்கப்படுகின்றன. அந்த நிலையிலேயே முட்டை உறங்கப் போய்விடும். 25 வயதில் வெளியே வரும் முட்டை 25 வருஷம் உறங்கியது. 40 வயதில் வெளியே வருவது 40 வருஷம் உறங்கியது. அத்தனை காலமும் அந்தப் பசை ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை.

முட்டை வெளியே வருவதற்குச் சற்று முன்புதான் ஜோடிகள் பிரிய வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முட்டைக்குள் இருக்க வேண்டும், இன்னொன்று வெளியேற வேண்டும். பேக்கிங் செக்‌ஷனில் வலது கால் ஷூவை ஒரு பெட்டியிலும் இடது கால் ஷூவை இன்னொரு பெட்டியிலும் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பசை பழசாகி, ஜோடி முன்கூட்டியே பிரிந்து கிடந்தால் எது எந்தப் பெட்டிக்குப் போகும் என்பது குழப்பமாகிவிடும். ஒரு பெட்டியில் ஒன்று கூடிவிடும், இன்னொன்றில் ஒன்று குறைந்துவிடும். ஜோடிகளை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் நூலிழைகளும் வயதாக ஆக ஒழுங்கு தவறுகின்றன.

இப்படிக் குரோமோசோம் கூடியோ குறைந்தோ போன முட்டை கருவானால் பெரும்பாலும் கருப்பையில் ஒட்டாது. ஒட்டினாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் கலைந்துவிடுவது அதிகம். 'தங்கி தங்கிக் கலையுது' என்று சொல்வோமே, அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. பஸ்ஸில் குலுங்கியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, யார் கண்ணோ பட்டதாலோ அல்ல. இருபதுகளில் இருக்கும் பெண்களுக்கு உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை கலைய வாய்ப்பு உண்டு. 40 வயதில் அது மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடும். 45-ஐ நெருங்கும்போது பாதிக்கும் மேல்.

டவுன் சிண்ட்ரோம் என்பதும் 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவதுதான். 25 வயதுத் தாய்க்கு சுமார் 1,250 குழந்தைகளில் ஒன்றுக்கு அது வரலாம். 35 வயதில் சுமார் 350-ல் ஒன்று. 40 வயதில் சுமார் 100-ல் ஒன்று. இந்த எண்களை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். 40 வயதுத் தாய்க்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் 99 பேருக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை. அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் கர்ப்பகால ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

முட்டைக்கும் கரன்ட் வேண்டும்!

பசை மட்டும் பிரச்னை இல்லை. உடலின் மற்ற செல்களோடு ஒப்பிட்டால் கருமுட்டை மிகப் பெரியது. கருவான பிறகு முதல் சில நாள்களுக்கு வேண்டிய சக்தி முழுக்க முட்டையிலிருந்துதான் வர வேண்டும். அந்தச் சக்தியைத் தயாரிப்பவை மைட்டோகாண்ட்ரியாக்கள். நன்கு முதிர்ந்த ஒரு முட்டையில் இவை லட்சக்கணக்கில் இருக்கும். வயதாக ஆக இவற்றின் வேலைத்திறன் குறைகிறது. சக்தி குறைந்தால் குரோமோசோம்களைப் பிரிக்கும் வேலையும் தடுமாறும், உருவான கருவும் பாதி வழியில் நின்றுவிடும்.

நாற்பது வருஷம் ஒரு செல் கெடாமல் உறங்குவதே ஓர் ஆச்சர்யம்தான். ஸ்பெயினின் பார்சிலோனாவில் எல்வன் போக்கே தலைமையிலான குழு 2022-ல் 'நேச்சர்' இதழில் ஒரு விஷயத்தை வெளியிட்டது. சக்தி தயாரிக்கும்போது வெளிவரும் கழிவுகள்தான் செல்லைச் சேதப்படுத்துகின்றன. உறங்கும் முட்டை, அந்தத் தயாரிப்பு வரிசையின் முதல் பகுதியையே நிறுத்தி வைத்து, கழிவு உருவாகாமல் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. கம்பெனி லீவில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்து வைப்பதுபோல! இந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் 30-களிலும் பெரும்பாலான பெண்கள் ஆரோக்கியமான குழந்தை பெறுகிறார்கள். ஆனால், பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு.

முட்டையைச் சுற்றி கிரானுலோசா என்ற துணைச் செல்கள் இருக்கின்றன. முட்டைக்குச் சாப்பாடு ஊட்டுவதும், ஹார்மோன் சுரப்பதும் இவற்றின் வேலை. வயதாகும்போது இவையும் களைத்துவிடுகின்றன. சினைப்பையின் சதையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி நார்த்தன்மை அடைகிறது. ஆக, முட்டைக்கும் வயதாகிறது, அது குடியிருக்கும் வீட்டுக்கும் வயதாகிறது. இதயம், சிறுநீரகம், தோல் எல்லாம் நன்றாக இருக்கும் வயதிலேயே சினைப்பை முதுமையைத் தொட்டுவிடுகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. மேலை நாடுகளில் அது 51. அங்கே எழுதிய கட்டுரையை மொபைலில் படித்துவிட்டு 'இன்னும் டைம் இருக்கு' என்று நாம் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இந்த இடைவெளியே போதும்.

வீட்டில் சொல்லும் மூன்று சமாதானங்கள்

1. "மாசா மாசம் ரெகுலரா வருதே!"

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்றால், முட்டை வெளியே வருகிறது என்று ஓரளவு நம்பலாம். அந்த முட்டையின் குரோமோசோம் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. 42 வயதிலும் 28 நாளுக்கு ஒருமுறை டாண் என்று மாதவிலக்கு வரலாம்.

2. "பார்த்தா 25 வயசுப் பொண்ணு மாதிரி இருக்கா!"

முகத்தின் இளமை சினைப்பைக்குப் பொருந்தாது. நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, உடல் எடை எல்லாம் கர்ப்பத்துக்கு நிச்சயம் உதவும். ஆனால், ஒட்டிய பசையின் வயதை எந்த யோகாவாலும் குறைக்க முடியாது.

3. "எங்க பாட்டி நாப்பது வயசுலகூட பெத்தாங்க!"

உண்மைதான். ஆனால், பாட்டிக்கு அது முதல் குழந்தை இல்லை, எட்டாவதோ ஒன்பதாவதோ. இருபது வருஷமாகத் தொடர்ந்து கிடைத்த வாய்ப்புகளில் கடைசியாக வந்த ஒன்று. நடுவே கலைந்தவை எத்தனை என்று பாட்டியிடம் கேட்டால் அந்தக் கணக்கும் வரும். இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 40 வயதில் அது பத்தில் ஒன்றாகிறது. பத்தில் ஒன்று என்பது பூஜ்யம் அல்ல. ஆனால், முதல் குழந்தைக்கே அந்த வயது வரை காத்திருப்பதும், எட்டாவது குழந்தை அந்த வயதில் பிறப்பதும் ஒன்றல்ல.

ஏ.எம்.ஹெச். டெஸ்ட் எதைச் சொல்லும்?

வேலூருக்கோ சென்னைக்கோ கருத்தரிப்பு மையம் போகிறவர்கள் முதலில் கேள்விப்படும் பெயர் ஏ.எம்.ஹெச். இது ஒரு ரத்தப் பரிசோதனை. வளரத் தொடங்கியிருக்கும் சிறு முட்டைப் பைகளின் துணைச் செல்கள் சுரக்கும் ஹார்மோனின் அளவை இது காட்டுகிறது. கையிருப்பு எவ்வளவு என்பதற்கு இது ஒரு குறிப்பு. ஸ்கேனில் சிறு முட்டைப் பைகளை எண்ணுவதும் அதற்குத்தான்.

ஆனால், இது ஸ்டாக் கணக்கு மட்டுமே. குவாலிட்டி செக் அல்ல. ஏ.எம்.ஹெச். குறைவாக இருக்கும் 27 வயதுப் பெண்ணின் முட்டை, ஏ.எம்.ஹெச். அதிகமாக இருக்கும் 41 வயதுப் பெண்ணின் முட்டையைவிடத் தரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டில் எண் குறைவாக வந்துவிட்டது என்று ஒரு இளம்பெண்ணை 'இவளுக்குக் குழந்தையே பிறக்காது' என்று வீட்டில் முத்திரை குத்துவது அநியாயம். எண் அதிகமாக இருக்கிறது என்று 38 வயதில் நிதானமாக இருப்பதும் தவறு. முட்டையின் தரத்தைச் சொல்ல இன்றைக்கு நம்மிடம் இருக்கும் நம்பகமான ஒரே அளவுகோல், அந்தப் பெண்ணின் வயது.

வயது கருப்பைக்கா, முட்டைக்கா?

2019 செப்டம்பரில் ஆந்திர மாநிலம் குண்டூரில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்ற செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 'எழுபதிலேயே முடியுதே, நாற்பதில் முடியாதா?' என்று அப்போது பலரும் பகிர்ந்தார்கள். அதில் பலர் கவனிக்காத ஒரு வரி, அந்தக் குழந்தைகள் தானமாகப் பெற்ற கருமுட்டையில் உருவானவை என்பது. கருப்பை ஹார்மோன் உதவியோடு எழுபதிலும் சுமந்தது. முட்டை மட்டும் ஓர் இளம்பெண்ணுடையது.

கருத்தரிப்புச் சிகிச்சைகளின் கணக்கும் இதையேதான் காட்டுகிறது. தன் சொந்த முட்டையில் ஐ.வி.எஃப். செய்துகொள்ளும் பெண்களுக்கு வயதாக ஆக வெற்றி சரிகிறது. 43 வயதைத் தாண்டினால் ஒரு முயற்சியில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. தானமாகப் பெற்ற முட்டையில் செய்தால், பெறுகிறவரின் வயது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. 'எப்ப வேணாலும் டெஸ்ட் டியூப்ல பெத்துக்கலாம்' என்பது இன்று நிறைய பேரின் நம்பிக்கை. ஐ.வி.எஃப். அடைபட்ட குழாயைத் தாண்டிச் செல்ல உதவும், விந்தணு குறைவைச் சமாளிக்க உதவும். முட்டையின் வயதைக் குறைக்க அதனால் முடியாது.

குண்டூர் செய்திக்குப் பிறகு வந்த 2021-ம் வருட செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரை, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரை என்று எல்லை வைத்துவிட்டது.

இளம் முட்டைக்கு ஒரு விலை... ஈரோடு சொன்ன பாடம்

எது அரிதோ அதற்குச் சந்தை வந்துவிடும். 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கு நினைவிருக்கிறதா? 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு விற்கப்பட்ட வழக்கு. வயதைக் கூட்டிக் காட்ட ஆதார் அட்டையே போலியாகத் தயாரிக்கப்பட்டது. பெற்ற தாய் உட்பட சிலர் கைதானார்கள். தனியார் மருத்துவமனைகள் சிலவற்றின் மீது தமிழக அரசு நடவடிக்கை எடுத்தது.

வேலைக்குப் போகும் ஏழைப் பெண்கள் அதிகமாக இருக்கும் ஆம்பூர் போன்ற ஊர்கள் இந்த வழக்கை மறக்கக் கூடாது. கடன் நெருக்கடியில் இருக்கும் பெண்ணிடம் 'ஒரு ஊசிதான், ஒண்ணும் ஆகாது, கைநிறைய காசு' என்று சொல்லிக்கொண்டு யாரும் வரலாம். சட்டம் சொல்வது இதுதான். தானம் தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும். கருமுட்டையை விற்பதும் வாங்குவதும் குற்றம். அளவுக்கு மீறிய ஹார்மோன் ஊசியால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஏஜென்ட் மூலம் வரும் எந்த அழைப்பையும் நம்பாதீர்கள்.

தோலும் பாலாறும்

இந்தப் பகுதியில் குழந்தையின்மை பற்றிப் பேசினால் 'எல்லாம் டேனரி தண்ணியாலதான்' என்ற பேச்சு வராமல் இருக்காது. அதையும் நேராகப் பார்த்துவிடுவோம்.

தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டது வெறும் பேச்சு அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய முக்கியத் தீர்ப்பு. 28 வருஷத்துக்கும் மேல் கழித்து 2025 ஜனவரியிலும் அதே பாலாறு மாசு பற்றி உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது.

தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். இது சில சூழல்களில் ஆபத்தான ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம். அந்த ஆபத்தான வகையைத் தாய் எலிகளுக்குத் தண்ணீரில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஷகிலா பானுவும், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் அருள்தாஸும் இணைந்து செய்தது. தாய்ப்பால் வழியாக குரோமியம் போன எலிக்குட்டிகளுக்குச் சினைப்பை வளர்ச்சி குன்றியது, பருவமடைவதும் தள்ளிப்போனது. சென்னைப் பல்கலைக்கழகக் குழு ஆண் குரங்குகளிடம் செய்த ஆய்வில் விந்தணுவின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்தன. குரோமியத்தை நிறுத்திய பிறகு அவை மீண்டும் தேறின.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. ஆய்வில் கொடுக்கும் அளவும் நம் உடலில் சேரும் அளவும் வேறு. ஆனால், முன்னெச்சரிக்கைக்கு இதுவே போதுமான காரணம். ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஒட்டும் பசையில் இருக்கும் டொலுவீன் போன்ற கரைப்பான்களைக் காற்றோட்டமில்லாத இடத்தில் தொடர்ந்து சுவாசிப்பது நரம்புக்கும் வயிற்றில் இருக்கும் கருவுக்கும் நல்லதல்ல. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். பசைக் கையோடு டீ குடிக்காதீர்கள், சாப்பிடாதீர்கள். குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே வேறு செக்‌ஷன் மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். வெட்கப்படும் விஷயமல்ல இது.

அதே சமயம், ரசாயனத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு வயதை மறந்துவிடவும் கூடாது. டேனரியே இல்லாத ஊரிலும் 40 வயது முட்டைக்கு 40 வயதுதான்.

அவர் டெஸ்ட் எடுத்தாரா?

நம் வீடுகளில் குழந்தை இல்லை என்றால் முதலில் ஸ்கேனுக்குப் போவது மனைவி. கோயிலுக்கும் தர்காவுக்கும் போவது மனைவி. மாத்திரை சாப்பிடுவதும் மனைவி. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் சேர்ந்தே இருக்கிறது. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவு குறைவு, ஒரே நாளில் ரிசல்ட். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இரண்டு வருஷம் மனைவிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால், போனது அவளுடைய முட்டையின் இரண்டு வருஷம். ஆண்களின் விந்தணுத் தரமும் வயதோடு குறைகிறது, மெதுவாகக் குறைகிறது என்பதுதான் வித்தியாசம். பீடி, சிகரெட், குட்கா, மது எல்லாம் அதை வேகப்படுத்தும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

* வயது 35-க்குள் என்றால், ஒரு வருஷம் முயற்சி செய்தும் தங்கவில்லை என்றால்.

* 35-ஐத் தாண்டியிருந்தால், ஆறு மாதத்திலேயே.

* 40 அல்லது அதற்கு மேல் என்றால், காத்திருக்காமல் உடனே.

* மாதவிலக்கு ஒழுங்கில்லை, தாங்க முடியாத வலி, சினைப்பையில் ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ 40-களின் தொடக்கத்திலேயே மாதவிலக்கு நின்றது, இரண்டு முறைக்கு மேல் கலைந்தது... இதில் எது இருந்தாலும் வயதைப் பார்க்காமல் சீக்கிரமே.

என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது?

முட்டையின் வயதைத் திருப்ப மருந்து இல்லை. 'எக் குவாலிட்டி' பவுடர், மாத்திரை என்று ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். வயதால் வந்த குரோமோசோம் பிழையைச் சரிசெய்யும் என்று நிரூபிக்கப்பட்டது அவற்றில் எதுவும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுக்காத எதையும் வாங்காதீர்கள்.

நம் கையில் இருப்பவையும் உண்டு. உறங்கும் முட்டை விழித்து, வளர்ந்து வெளியே வருவதற்கான கடைசிக் கட்டம் சுமார் மூன்று மாதம். அந்தக் காலத்தில் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டும். புகை பிடிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னதாகவே நிற்கிறது. வீட்டில் கணவர் விடும் புகையும் நல்லதல்ல. கர்ப்பத்துக்கு முயற்சி தொடங்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொள்வது குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கும்.

கருமுட்டையை உறைய வைப்பது 2012 முதல் பரிசோதனை முயற்சி என்ற நிலையைத் தாண்டி, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாகிவிட்டது. 35-க்கு முன் செய்தால் பலன் அதிகம். ஆனால், செலவு பெரியது, குழந்தைக்கு உத்தரவாதமும் இல்லை. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் இளம்பெண்கள் இதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. பிரசவ வலியில் பெண்கள் சாவதைப் பார்த்து டாக்டரான ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய மருத்துவப் பணியின் இன்றைய வடிவம் அது. அங்கே குழந்தையின்மைக்குத் தனிப் பிரிவே உண்டு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டுள்ளது. தனியார் மையத்துக்குப் போனால், 2021 சட்டப்படி பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 'நூறு சதவிகித வெற்றி' என்று போர்டு வைத்திருந்தால் அந்தப் படி ஏறாதீர்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியும். கர்ப்பம் கலைந்தாலும் ஆறு வாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கலைந்த மறுநாளே 'டார்கெட் போயிடும்' என்று மெஷினில் வந்து உட்காராதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள், ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கேட்டு வாங்குங்கள்.

பெற்றவர்களுக்கும் மாமியார்களுக்கும்...

இதைப் படித்துவிட்டு, 'அதனாலதான் சொல்றேன், இருபது வயசுல கட்டிக் கொடுத்துடணும்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். படிப்பையும் சம்பாத்தியத்தையும் பறிப்பது இதற்குத் தீர்வல்ல. மகளின் சம்பளத்தில் வீடு கட்டி, தம்பியைப் படிக்க வைத்து, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று அவளுடைய கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போடுகிற வீடுகள்தான் யோசிக்க வேண்டும். அந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது அவள் மட்டும்தான்.

கல்யாணமான தம்பதிகள் குழந்தையை எப்போது வைத்துக்கொள்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கடன், வாடகை, வேலை எல்லாவற்றையும் கணக்கில் எழுதும்போது, மனைவியின் வயதையும் அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள். தள்ளிப்போடுவது என்று முடிவெடுத்தால் தெரிந்தே எடுங்கள்.

குழந்தை வேண்டாம் என்பவர்களும், தத்தெடுக்க நினைப்பவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். அது அவர்கள் முடிவு. வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு, முட்டைக்கும் வயது உண்டு என்ற விஷயம் 38 வயதில் ஆஸ்பத்திரி பெஞ்சில் தெரியவரக் கூடாது. 22 வயதில், ஸ்டிச்சிங் லைனில் பக்கத்து மெஷின் அக்கா சொல்லித் தெரிந்தால் அவளுக்கு யோசிக்க நேரம் இருக்கும். இந்தக் கட்டுரையை உங்கள் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருமுறை பகிருங்கள். அதில் ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!